அப்பாவின் அமத்து

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவும் நானும் அவருடைய கிடாருக்குப் புதுக் கம்பிகள் போட்டோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

நான் கண்டியில் வேலை செய்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தேன். மறுநாள் கோயில் முன்னால் அப்பாவின் இசைக்குழு வாசிக்க இருந்தது. லயத்து வீட்டின் முன்னறைக் கட்டிலில் கிடாரைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். தடித்த கம்பிகளை அவரே மாட்டினார். கடைசி மெல்லிய கம்பி முறுக்காணியின் துளைக்குள் போகவில்லை. துளையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது தெரியாமல் அவர் ஆணியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அப்பா, கம்பி வெளியில நிக்குது.”

“எங்க?”

“ஒங்க வெரலுக்குக் கீழதான்.”

“இந்த லைட்டுல ஒரு மண்ணும் தெரியல. நீ போடு. கண்டியில பெரிய மெஷினுக்கெல்லாம் வயர் மாட்டுறவதானே.”

நான் மாட்டினேன். அவர் சுருதி சேர்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

“அந்த ரப்பரக் குடு.”

துணி சுற்றிய கறுப்பு ரப்பர் வளையம். கொண்டைக்குப் போட்டிருந்தேன்.

“எதுக்கு?”

“கிடார் வயரச் சுத்திக் கட்ட. மஃறூப்பு வேன்ல போட்டா எல்லாம் சிக்காயிரும்.”

“என் முடி?”

“அம்மாகிட்ட ஊசி இருக்கும், குத்திக்க. ஹட்டன் போனா புதுசு ஒன்னு வாங்கித் தாறேன். றோஸ் கலர்ல.”

“எனக்குக் கறுப்பு.”

“கறுப்பே வாங்கித் தாறேன், தாயி.”

கழற்றிக் கொடுத்தேன்.

அவர் பெயர் அழகன். பொகவந்தலாவைப் பக்கம், இதே தோட்டத்தின் மேல்கணக்கில் பிறந்தவர். மேட்டுப் பிரிவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், ஒரு காலை இழந்து, அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. என் அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். அப்பா தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் ஹட்டனுக்கு பஸ் ஏறி, மஃறூப் என்பவரின் லவுட்ஸ்பீக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மஃறூப் அப்போது தன் வாப்பாவிடமிருந்து கடையை எடுத்து நடத்தத் தொடங்கிய இளைஞர். முதலாளி, தொழிலாளி என்று இருந்தது ஒரு மழைக்காலம்வரைதான். பிறகு இருவரும் மச்சான், மச்சான். எனக்கு அவர் மஃறூப் மாமா.

கிடார் அந்தக் கடைக்குத் தானாக வந்தது. கொழும்புக் குழு ஒன்று கழுத்து முறிந்த எலெக்ட்ரிக் கிடாரைத் திருத்தக் கொடுத்துவிட்டு, வாங்க வரவேயில்லை. அப்பா பசை போட்டு, இறுக்கிக் கட்டி, காயவைத்து, எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு ஹட்டனில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனார். மேடைக்குக் கீழே நின்று ஒரு சிங்களக் கிடார்க்காரரின் கைகளைப் பார்த்தார். அவருடைய வலது கை ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கியது. ஆனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சுரம் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், நூல் அறுந்த பாசிமணி போலக் கொட்டியது.

அப்பா வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்த்தார். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து அலறின.

அதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கம்பி மீட்டும் சிறு தகடான பிக்கை ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகக் குத்தாமல், விளக்குமாறு போல ஒரே இழுவையில் எல்லாக் கம்பிகள் மீதும் கொண்டுபோவது. ஒரு மாதத்தில் வந்துவிடும். மற்றது, ஒலித்த கம்பியை அடுத்த கம்பி பேசுவதற்குள் அடக்குவது. இதற்கு இரண்டு கையும் வேண்டும். வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் தடித்த கம்பிகள் மீது சாய்ந்திருக்கும். இடது கையில், சுரத்தை அழுத்திய விரல் அழுத்தத்தை விட வேண்டும். ஆனால் கம்பியை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் வெறும் கம்பி ஒலிக்கும். அழுத்தம் மிஞ்சினால் பழைய சுரம் தொடரும். தொட்டும் தொடாமலும் இருக்கிற அந்த இடத்தில் விரல் நிற்க வேண்டும். ஆட்காட்டி விரலின் அடிச்சதை மெல்லிய கம்பிகளைத் தடவியபடி கிடக்க வேண்டும். கழுத்தின் ஒரே கட்டையில் அடுத்தடுத்த இரண்டு கம்பிகள் வந்தால், விரலைத் தூக்காமல் உருட்ட வேண்டும்.

அவர் இதைச் சுத்தமாகக் கற்றதற்கு லயம்தான் காரணம். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். அடக்காமல் விட்ட ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்து வீட்டுச் செல்லசாமி பதில் சொன்னார்.

“அழகா, கூட்டுறது கூட்டு. குப்பைய எங்க வீட்டுப் பக்கம் தள்ளாத!”

அப்படித்தான் பெயர் வந்தது. எங்கள் ஊரில் அந்த இழுவைக்குப் பெயர் கூட்டுறது. கம்பியை அடக்குவதற்குப் பெயர் அமத்துறது. குழுவில் சேர்ந்த எல்லோரும் இந்த இரண்டு சொற்களைத்தான் சொன்னார்கள். திருவிழாக்களில் ஒரு பழைய சினிமாப் பாட்டின் இடையிசை வரும்போது மஃறூப் மாமா மைக்கைப் பிடிப்பார்: “எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. நம்ம அழகன் இப்ப வாசலக் கூட்டப் போறாரு!” பொடியன்கள் விசிலடிப்பார்கள். அப்பா தலையைத் தூக்காமல் கூட்டுவார். ஒரு கம்பியும் அநாவசியமாகப் பேசாது.

அதில் அவருக்குத் திமிர் இருந்தது. பின்னால் குழுவில் சேர்ந்த சுமன், போன் திருத்தும் கடை வைத்திருப்பவன், கிடார்க் கழுத்தின் தலைப்பக்கத்தில் ஒரு துணிப்பட்டியைக் கட்டி வாசித்தான். அப்படிக் கட்டினால் வெறும் கம்பிகள் ஒலிக்காது. விரல் தவறினாலும் வெளியே தெரியாது. அப்பா அதைப் பார்த்த அன்று வேன் குலுங்கச் சிரித்தாராம்.

“ஏன்டா சுமன், கிடாருக்கு எதுக்குடா கோமணம்?”

“எல்லாரும் கட்டுறாங்கண்ணே. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்களே கட்டுறாங்க.”

“அவங்களுக்கு வெரல் இல்லயா? அமத்துறது வெரல் வேலைடா. கோமணத்து வேல இல்ல.”

சுமன் அதன் பிறகு துணியைக் கட்டவில்லை. தனி வாசிப்பையும் அப்பாவிடமே விட்டுவிட்டான்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நரம்புப் பரிசோதனை செய்யும் கருவியை இயக்குகிறேன். மணிக்கட்டில் ஒரு சின்ன மின்னதிர்வு கொடுத்து, அது விரலுக்கு எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பலத்தோடு போய்ச் சேருகிறது என்று அளப்பது. சீனி வருத்தக்காரர்கள் நிறைய வருவார்கள். சீனி முதலில் கால் நரம்பைத் தின்னும், பிறகு கைக்கு வரும். மெல்லிய தொடுகையைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

புதுக் கருவி வந்தபோது அப்பா பார்க்க வந்தார். அவர் கையை வைத்து ஓட்டிக் காட்டினேன். நல்ல நரம்பு. திரையில் அலை நிமிர்ந்து நின்றது.

“அப்பா, ஒங்க கை தங்கம்” என்றேன்.

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து பொகவந்தலாவைக் கடைவீதிவரை அதைச் சொல்லித் திரிந்தார். “மக மெஷின்ல வெச்சுப் பாத்துட்டா. கை தங்கமாம்.”

அன்று சாப்பிடும்போது, முந்திய வாரம் வந்த ஒரு தையல்காரரைப் பற்றிச் சொன்னேன். கை நரம்பு மோசமாகியிருந்தது. தையல் மெஷினை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீதான் சொன்னியா?” என்று அப்பா கேட்டார்.

“டாக்டர் சொன்னாரு. நான் அளந்து குடுத்தேன்.”

“நீ அளக்காம விட்டிருந்தா அந்த மனுசன் தச்சிக்கிட்டு இருந்திருப்பாரு.”

“அளக்காம விட்டா கையே போயிரும்பா.”

“ம்” என்றார். மறுபடி என் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேயில்லை.

தாத்தாவுக்கு இருந்த வருத்தம் அப்பாவுக்கும் வரலாம் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. இரத்தம் சோதிக்கச் சொன்னேன். சோதித்தேன், ஒன்றுமில்லை என்றார். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் ஒன்றுமில்லை. ஆகவே நானே ஒரு சோதனை வைத்தேன். வாரம் ஒரு தடவை அந்தக் கூட்டுற இடத்தை மட்டும் வாசித்து, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். காரணத்தையும் சொன்னேன்.

“தொடுற உணர்ச்சி கொறஞ்சா ஒங்களால அமத்த முடியாது. கம்பிச் சத்தம் வழியும். வழிஞ்சா நான் வந்து கூட்டிக்கிட்டுப் போவேன்.”

“சரிங்க டாக்டரம்மா.”

ஒவ்வொரு வாரமும் வந்தது. இயர்போன் போட்டு, கண்ணை மூடிக் கேட்பேன். சுத்தம். ஒரு கம்பிகூட வழியவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்பதற்கு வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா ஹட்டனுக்குப் போய், சாமான்களோடு மஃறூப் மாமாவின் வேனில் திரும்பி வந்தார். இருட்டுவதற்கு முன்பே கோயில் முன்னால் வாசிக்கத் தொடங்கினார்கள். நான் மஃறூப் மாமாவின் பக்கத்தில், மிக்ஸர் மேசையருகே நின்றேன். தான் பிறந்த கணக்கின் சாமிக்கு முன்னால் வாசிக்கிற அப்பாவை அம்மா புதுச்சேலையில் நின்று பார்த்தார். மாமா மைக்கைப் பிடித்தார். பொடியன்கள் “கூட்டுங்கண்ணே!” என்று கத்தினார்கள். அப்பா கூட்டினார். பாசிமணி கொட்டியது.

இறங்கி வந்தவரிடம் “கை இன்னும் தங்கந்தான்” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்றார். நன்றாக வியர்த்திருந்தது. மலைக்குளிரில் அப்படி வியர்ப்பதில்லை. வாசித்த களைப்பு என்றார்.

ஞாயிறு காலை தண்ணீர்ப் பீலியடியில் முகம் கழுவப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி இல்லை. மூச்சு வாங்குகிறது, வயிற்றில் காற்று, இஞ்சித் தேத்தண்ணி போடச் சொல்லு என்றார். தேத்தண்ணி கொதிக்கும் முன் பேச்சு நின்றுவிட்டது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியபோது உயிர் இல்லை.

அப்பாவின் பாதங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் சிங்களத்தில் கேட்டார், அப்பாவுக்கு எவ்வளவு காலமாகச் சீனி இருக்கிறது என்று.

“சீனி இல்லை, டாக்டர்” என்றேன். தயங்காமல் சொன்னேன். என்னிடம் அத்தாட்சி இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

“அம்மா?”

“ஒனக்குத் தெரியுந்தானே” என்றார் அம்மா. “ஒங்கிட்ட சொல்லிட்டதா சொன்னாரு.”

“என்னத்த?”

“சீனி. நாலஞ்சு வருசமா. நீ கண்டியில பெரிய டாக்டர்கிட்ட கேட்டு மாத்தர மாத்திக் குடுத்ததா சொன்னாரு. இங்க குடுத்த மாத்தரைய நிப்பாட்டினதே நீ சொல்லித்தான்னாரு.”

“நான் ஒரு மாத்தரையும் குடுக்கல.”

“திருவிழா முடிஞ்ச கையோட நீ கண்டிக்கு வரச் சொல்லியிருக்கன்னாரு. படுக்கையெல்லாம் நீ ஏற்பாடு செஞ்சிட்டன்னு…”

அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பெற்ற மகளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அப்பாவுக்கு மருந்து கொடுத்தவளைப் பார்க்கிற பார்வை. அது மாறச் சில விநாடிகள் ஆயின.

டாக்டர் சுருக்கமாக விளக்கினார். சீனி நீண்ட காலம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் இதயத்தின் வலி நரம்பும் மரத்துப்போகும். மாரடைப்பு வரும், வலி வராது. எனக்குத் தெரிந்த விசயம்தான். தினமும் மற்றவர்களின் அப்பாக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்களில் சுமன் கடைசிவரை நின்றான். கிடார் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அண்ணன் கோமணத்த நான் பாத்துட்டேன்” என்றான்.

“என்ன சொல்றீங்க சுமன்?”

“அண்ணன் கிடார்லயும் கட்டியிருந்தாரு. மேடை ஏறினதும் மறைவா கழுத்துல ஏத்திக்குவாரு. இறங்குறப்ப கழட்டிருவாரு. ஒருநா பாத்துட்டேன். பழைய பகைக்கு நானும் சிரிச்சேன். அண்ணே, யாருக்கு வெரல் இல்லன்னு கேட்டேன். அதுக்கு, மக வைத்தியமா குடுத்தது, கம்பி வெரல்ல அதிரக் கூடாதாம்டா, நரம்புக்கு நல்லதில்லையாம்னாரு. நீங்க குடுத்ததுன்னதும் நான் வாய மூடிக்கிட்டேன்.”

அம்மா உள்ளே போய், கழுவிக் காயவைத்த இரண்டு ரப்பர் வளையங்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“ரெண்டும் ஒன்னோடதுதான். ஒன்னு கிடார்ல கெடந்துச்சு. ஒன்னு கிடார் பையில.”

ஒன்று நான் வெள்ளிக்கிழமை கொடுத்தது. மற்றது முந்திய தீபாவளிக்கு வந்தபோது தொலைந்துபோனது. வீடு முழுக்கத் தேடிய ஞாபகம் இருக்கிறது. அப்பாவும் கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடினார். அந்த ரப்பர் இழுவை விட்டுத் தொய்ந்திருந்தது. துணியின் உட்பக்கத்தில் ஆறு தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. தடித்த கம்பிக்கு ஆழமான தடம், மெல்லிய கம்பிக்குக் கீறல்.

போனை எடுத்து, அவர் அனுப்பிய வீடியோக்களை முதல் தடவையாகச் சத்தமில்லாமல் பார்த்தேன். பழைய வீடியோக்களில் விரல்கள் கம்பிகள் மீது ஊர்ந்தன. கடைசி ஆண்டின் வீடியோக்களில் ஒவ்வொரு சுரத்துக்குப் பிறகும் விரல்கள் உயர எழுந்து விழுந்தன. தொட்டும் தொடாமலும் நிற்கிற அந்த இடத்தை அவர் விரல் இழந்துவிட்டது. ஆகவே முழுதாகத் தூக்கினார். தூக்கினால் ஒலிக்க வேண்டிய வெறும் கம்பியை என் ரப்பர் பிடித்துக்கொண்டது. எல்லா வீடியோவிலும் கிடார்க் கழுத்தின் தலைப்பக்கம் படத்துக்கு வெளியே இருந்தது. நான் கண்ணை மூடித்தான் கேட்பேன் என்று தெரிந்திருந்தும், அந்த இடத்தையும் வெட்டித்தான் எடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. அம்மாவுக்காக அவர் வாசிக்கிற ஒரு மெட்டு உண்டு. வெறும் கம்பிகளை நிறைய ஒலிக்கவிட்டுத் தொடங்கும். கடந்த திருவிழாக் காலம் முழுக்க அதை அவர் வாசிக்கவில்லை. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு அது பிடிக்காது என்றார். ரப்பரைக் கழுத்தில் ஏற்றி அந்த முதல் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். கட்டையைத் தட்டுவது போலத் ‘தொக்’ என்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா பிறகு ஒன்று சொன்னார். சில மாதங்களுக்கு முன் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒற்றைச் செருப்போடு லயம்வரை ஏறி வந்திருக்கிறார். மற்றது கழன்றது தெரியவில்லை. “குடிச்சிட்டு வந்தவன் மாதிரி ஒத்தச் செருப்போட வாறீங்களேன்னு கேலி பண்ணினேன். அவரும் சிரிச்சாரு” என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

கருமாதி முடிந்த மறுநாள் ஹட்டனுக்குப் போனேன். மஃறூப் மாமா கடைக்குள் மிக்ஸரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அப்பா கிடாருக்கு கேட் போட்டிருந்தீங்களா?”

கேட் என்பது மிக்ஸரில் உள்ள ஒரு ஏற்பாடு. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கதவைச் சாத்திவிடும். பலமான சுரம் உள்ளே வரும். அதன் பின்னால் வழிகிற முனகல் வெளியே நிற்கும். ரப்பர் பிடிக்காமல் விட்ட மிச்சத்தை அது பிடித்திருக்கும்.

“போட்ட, மகள்” என்றார். மறைக்கவில்லை.

“எப்ப இருந்து?”

“ஒரு வருசமாகும். அவன்தான் கேட்டான். மச்சான், வெரல் கொஞ்சம் மரத்துப் போகுது, குப்பை வழியுது, வாசல்ல ஒரு கேட்டப் போட்டு வையின்னான். நானும் பகிடி பண்ணின, அப்ப கேட்டுல நிக்கிற வோச்சருக்குச் சம்பளம் யாருடா குடுக்கிறதுன்னு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

மாமா துணியைக் கீழே வைத்தார்.

“ஒனக்குச் சொல்றதா? நீ பாத்துட்டன்னுதானே சொன்னான்?”

“நான் எங்க பாத்தேன்?”

“போன மாசம்கூட கண்டிக்குப் போய் ஒன்ட மெஷின்ல கைய வெச்சிட்டு வந்தன்னானே! மக பாத்தா, கை தங்கம், வயசுக்கு நரம்பு கொஞ்சம் சோம்பலாகும், வாசிக்காம விட்டாத்தான் மோசம்னு சொன்னாண்டு… ஒன்ட பேரச் சொன்னா நான் என்னத்தப் பேச? நீ படிச்ச புள்ள.”

“அவர் வந்தது மெஷின் புதுசா வந்தப்ப, மாமா. அதுக்குப் பொறகு வரவேயில்ல.”

மாமா கதிரையில் உட்கார்ந்தார்.

“பொய்யா சொன்னான்?”

“பொய்தான்.”

“எனக்கா?” என்றார். “மகள், அவன் எனக்கா பொய் சொன்னான்?”

அம்மாவிடம் என் மாத்திரை. சுமனிடம் என் வைத்தியம். மஃறூப் மாமாவிடம் என் மெஷின். என்னிடம் சுத்தமான சுரம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, என் பெயரை வைத்தே அமத்தியிருந்தார். இத்தனை பேரில் ஒருவராவது மற்றவரிடம் வாய் திறந்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஒரு கம்பியும் வழியவில்லை. அவர் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான்.

அவருக்கு வாசிக்க வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிகிறது. கையை என்னிடம் நீட்டினால் நான் அளப்பேன், டாக்டர் நிறுத்தச் சொல்வார், கோயில் முன்னால் சுமன் வாசிப்பான். அந்தத் தையல்காரரைப் போல வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். இருந்திருப்பார். அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலைப் படித்தேன். என் அளவை மற்ற எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அளக்க வேண்டிய கையை மட்டும் என்னிடமிருந்து ஒளித்துவைத்தார். மன்னிக்க முயன்று பார்த்தேன். வரவில்லை.

மாமாவின் கடையிலிருந்து வெளியே வந்தபோது, பக்கத்து பேன்ஸிக் கடையை நடத்தும் செரீபா ராத்தா கூப்பிட்டார். வளையல், ரிப்பன், விளையாட்டுச் சாமான் விற்கிற சின்னக் கடை. அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார்.

“மகள், அழகண்ணன்ட சாமான் ஒன்னு இரிக்கி.”

மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய காகிதப் பையை எடுத்தார்.

“சனிக்கிழம காலைல வந்தாரு. கறுப்பு முடிஞ்சி போயிருந்த. பின்னேரம் பெட்டி வரும், எடுத்து வைக்கிறன்டு சொன்ன. திங்கக்கிழம வந்து வாங்கிக்கிறன்டாரு.”

பைக்குள் இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. இரண்டும் கறுப்பு. பூ இல்லை, மணி இல்லை.

“ரெண்டா கேட்டாரு, ராத்தா?”

“ரெண்டு. ஒன்னு மகளுக்கு, பொய் சொல்லித் தலையில இருந்து கழட்டிட்டன், வாங்கிக் குடுக்காட்டி கோவிப்பாண்டாரு. மத்தது ஒன்ட ஆஸ்பத்திரி மெஷினுக்காமே, வயர் கட்ட? நல்லா இழுவையா இரிக்கணுமாம். நாலஞ்ச இழுத்து இழுத்துப் பாத்துத்தான் எடுக்கச் சொன்னாரு.”

என் மெஷினுக்கு ரப்பர் தேவையில்லை.

ஒன்றை எடுத்தேன். தலையிலிருந்த ஊசிகளைக் கழற்றிவிட்டு அங்கேயே முடியைக் கட்டினேன். அதன் விலையைக் கொடுத்தேன். ராத்தா பையை மறுபடி நீட்டினார்.

“மத்தது, மகள்?”

“அது அப்பா வந்து வாங்க வேண்டியது, ராத்தா” என்றேன்.